விளையாட்டுக்குப் போடும் பல் கவசத்தை ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கலாமா?

அடுத்த கேள்வி. ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார்: "டாக்டர், என் மகனுக்கு 14 வயது, ஹாக்கி ஆடுகிறான். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்கிற மவுத் கார்டு ஒன்று கடையில் வாங்கிக் கொடுத்தோம். இப்போது என் பிரச்சினை. ராத்திரி தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. நானும் அதே மாதிரி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்கலாமா?"

மகனுக்கு வாங்கியது சரி. உங்களுக்கு அது வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

என் கையில் இரண்டு இருக்கின்றன, பாருங்கள். இது விளையாட்டுக்குப் போடுவது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் மறுபடி எழுகிறது. இது நைட் கார்டு, ராத்திரி பல் கடிக்கிறவர்கள் போட்டுக்கொண்டு தூங்குவது. மேசையில் தட்டுகிறேன், டக் டக் என்று கேட்கிறதா? கெட்டியான அக்ரிலிக். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் செய்கிற வேலை வேறு. மெத்தென்று இருப்பது, எப்போதோ ஒருமுறை வேகமாக வந்து விழுகிற அடியை வாங்கிப் பரப்பிவிட. கெட்டியாக இருப்பது, தினமும் ராத்திரி நடக்கிற தேய்ப்புக்கு ஈடுகொடுக்க.

முதலில் பையனுடையதைப் பார்த்துவிடலாம். பந்தோ மட்டையோ நேராக வந்து பட்டால், அதிகம் மாட்டுவது மேல் முன்பற்கள்தான். பல் கொஞ்சம் முன்னால் துருத்தியிருக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். முகவாயில் கீழிருந்து அடிபட்டால் கதை வேறு. கீழ்த்தாடை மேலே போய் மோதும். கடைவாய்ப் பற்கள் விரிசல் விடும். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள், ஒன்று அசைகிறதே, அந்த மூட்டு வரை அதிர்ச்சி போகும். கார்டு நடுவில் இருந்தால் இரண்டு வரிசைக்கும் இடையே ஒரு மெத்தை கிடைக்கிறது. உதடும் பல்லில் பட்டுக் கிழியாது. ஆனால் மூளை அதிர்ச்சியை இது தடுத்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினால், வாயில் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இந்தக் கவசம் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. 1890 வாக்கில் லண்டனில் வுல்ஃப் க்ராஸ் என்ற பல் மருத்துவர், குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பிசினில் பட்டை செய்து வீரர்களின் பல்லின் மேல் வைத்தார். வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாயில் அந்தப் பிசின் இன்றைக்கும் இருக்கிறது, வேருக்குள் அடைப்பது அதைத்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெந்நீர் வகையில் எல்லாரும் செய்கிற தப்பு, அது இளகி மெத்தென்று இருக்கும்போதே ஓங்கிக் கடித்துவிடுவது. கடைவாய்ப் பக்கம் காகிதமாக மெலிந்துபோகும். அப்புறம் அது இருந்து என்ன பயன்? நிதானமாகக் கடிக்கச் சொல்லுங்கள். கடித்தபடியே வெளியிலிருந்து கன்னத்தோடு சேர்த்து விரலால் அழுத்தி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்ச வேண்டும். ஆறிய பிறகு ஒரு சோதனை. வாயை 'ஆ' என்று திறக்கட்டும். கார்டு மேல் பல்லோடு ஒட்டி நின்றால் சரி. கீழே விழுகிறது, அதைப் பிடித்துவைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால் அது சரியாகப் படியவில்லை. அப்படிப்பட்டதைப் போட்டுக்கொண்டு பேசவும் வராது, மூச்சுவிடவும் கஷ்டம். பையன் இரண்டு நாள் போடுவான், மூன்றாம் நாள் அது காலுறைக்குள் போய்விடும். நான் கேட்டபோது ஒரு பிள்ளை அப்படித்தான் குனிந்து காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான்.

முடிந்தால் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்வது நல்லது. எவ்வளவு கனம், எங்கே கனம் என்பது நம் கையில் இருக்கும், 3, 4 மில்லிமீட்டர் வரை வைப்போம். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் வெந்நீர் வகையை வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள், கம்பியில் போய் மாட்டிக்கொள்ளும். 14 வயது என்பதால் தாடை இன்னும் வளரும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஹாக்கி ஆடுகிற பிள்ளையின் அம்மா என்பதால், கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல் முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால், வெள்ளையாகத் தெரிகிற தலைப்பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடக்கூடாது, தேய்க்கவே கூடாது. அந்த வேரின் மேல் உயிருள்ள செல்கள் ஒட்டியிருக்கின்றன, பல் மறுபடி எலும்போடு சேர்வது அவற்றால்தான். அழுக்கு இருந்தால் பாலில் லேசாக அலசிவிட்டு, அதே குழிக்குள் திருப்பி வைத்து, ஒரு துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைக்கப் பயமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். வெறும் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், காய்ந்துபோகவும் விடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் வந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சின்னக் குழந்தையின் பால்பல் என்றால் மட்டும் திருப்பி வைக்கக்கூடாது, கீழே வளர்கிற நிரந்தரப் பல் கெட்டுவிடும்.

இப்போது உங்கள் விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒருவர், நீங்கள் யோசித்த மாதிரியே, விளையாட்டுக் கார்டைப் போட்டுக்கொண்டு தூங்கிப் பார்த்திருக்கிறார். டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். விளக்குக்கு நேராகப் பிடித்தேன். கடைவாய் படுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஓட்டை, வெளிச்சம் தெரிகிறது. போட ஆரம்பித்து எத்தனை நாள் என்றேன், மூன்று மாதம் என்றார். தாடை வலி குறைந்ததா என்றால், இல்லை, கூடியிருக்கிறது என்றார். மெத்தென்று ஒன்று பல்லுக்கு நடுவில் இருந்தால் சிலருடைய தாடைத் தசை அதை மெல்லத்தான் பார்க்கும். ராத்திரி முழுக்கச் சூயிங்கம் மென்ற மாதிரி. இன்னொன்று, அது எல்லாப் பற்களையும் ஒரே சீராக மூடவில்லை என்றால், மூடாமல் விட்ட பல் மாதக்கணக்கில் மெல்ல நகரும், கடியே மாறிவிடும்.

நைட் கார்டை அளவெடுத்துச் செய்து, வாயில் வைத்து, நடுவில் நிறத்தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வோம். எந்தப் பல் அழுத்தமாகப் படுகிறதோ அங்கே கறை விழும். அந்த இடத்தை ராவுவோம், மறுபடி கடிக்கச் சொல்வோம். எல்லாப் பல்லும் ஒன்றுபோலப் படும்வரை இதுதான் வேலை. அரை மணி நேரம் ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், கார்டின் பலனே இதில்தான்.

ஆனால் ஒன்று. நைட் கார்டு போட்டால் பல் கடிப்பது நின்றுவிடாது. கடிப்பீர்கள், தேய்வது கார்டாக இருக்கும். செருப்பு தேய்ந்தால் வேறு வாங்கலாம், பாதம் தேய்ந்தால்? எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது.

அதனால் காரணத்தையும் தேட வேண்டும். ராத்திரி கடிக்கிறவர்களில் பலர் பகலிலும் கடிக்கிறார்கள், தெரிவதில்லை. 'பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்தேன்' என்று பேச்சுக்குச் சொல்கிறோம், சிலர் நிஜமாகவே அப்படித்தான் முடிக்கிறார்கள். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ளவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னால் லேசாக இருக்கட்டும். இதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கும்போதே எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கவனியுங்கள். போன் திரையில், கதவில், எங்காவது ஒரு பொட்டு ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

சாயங்காலத்துக்கு மேல் காபி, புகை, மது எல்லாம் இதைக் கூட்டும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் கூட்டும். அப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னும் முக்கியமானது, நீங்கள் பல் கடிப்பதைச் சொன்ன அதே ஆளிடம் கேளுங்கள்: குறட்டையும் விடுகிறேனா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? ஆமாம் என்றால், பகலிலும் தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால், கார்டுக்கு முன்னால் தூக்கத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கார்டு மட்டும் செய்து கொடுப்பது அரைகுறை வேலை.

கார்டை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். சாதாரணத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். பரிசோதனைக்கு வரும்போது அதையும் கையோடு எடுத்து வாருங்கள். அதில் எங்கே தேய்ந்து மின்னுகிறது என்பதைப் பார்த்தால், தாடை ராத்திரி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.