மாமா என்றால் யார்?

வணக்கம் நேயர்களே.

ஆங்கிலம் பேசும் வீட்டில் அப்பாவின் தம்பியும் ‘அங்கிள்’, அம்மாவின் தம்பியும் ‘அங்கிள்’. நமக்கு அவர் சித்தப்பா, இவர் மாமா. சித்தப்பா மகள் தங்கச்சி. மாமா மகளோ முறைப்பெண். இரத்தக் கணக்கில் இரண்டு பெண்களும் ஒரே தூரம்தான். ஒருத்தியைக் கட்டலாம், மற்றவளை நினைக்கவே கூடாது என்று கோடு போட்டது பண்பாடு. பண்பாட்டு மானிடவியல் இப்படிப்பட்ட கோடுகளைத் தேடிப் போகும் படிப்பு.

அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் உறவுச் சொற்களைக் கேட்டுப் பல நாடுகளுக்குப் படிவம் அனுப்பினார். வந்த பதில்களில் தமிழும் இருந்தது. நியூயார்க் பகுதியின் செனிகா பழங்குடியினரும் நம்மைப்போலவே அப்பாவின் சகோதரரை அப்பா வகையில் சேர்க்கிறார்கள். அதைப் பார்த்து, அவர்கள் ஆசியாவிலிருந்து போனதற்கு இதுவே சான்று என்று 1871-இல் வெளியான நூலில் வாதிட்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். தூரத்து உறவுகளுக்குப் போனால் இரண்டு முறைகளும் தனித்தனி வழியில் பிரிகின்றன.

உறவுகளைக் கேட்கும் முறையைச் சீர்ப்படுத்தியவர் பிரிட்டிஷ் மானிடவியலாளர் ரிவர்ஸ். 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடம் வேலை செய்தவர். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி: இந்த ஐந்து சொற்களை மட்டுமே வைத்து வம்சாவளி கேட்பது அவர் வழி. ‘மாமா யார்?’ என்று தொடங்கினால் நம் பொருளை அவர்கள் வாயில் திணித்துவிடுவோம். ஆனால் தோடர்களிடம் ‘அப்பா’ என்ற சொல்லே இடறியது. சகோதரர்கள் சேர்ந்து ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் அங்கே இருந்தது. கர்ப்பத்தின் ஏழாம் மாதவாக்கில் அவளுக்கு வில்லம்பு கொடுத்துச் சடங்கு செய்பவரே தந்தை. இன்னொருவர் அந்தச் சடங்கைச் செய்யும்வரை, அடுத்துப் பிறக்கும் பிள்ளைகளும் முதலில் செய்தவர் கணக்கில்தான். இறந்த முன்னோர் பெயரைச் சொல்வதும் அங்கே விலக்கு. அதனால் ஒரு குடும்பத்தின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்டு ஒரு வம்சாவளிப் படம் வரைந்து பார்க்கலாம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. பிள்ளைகளை மூத்தவரிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். சிறு வயதில் இறந்தவர்களும் வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களும்தான் முதலில் விடுபடுவார்கள். அவர்களைத் தனியாக நினைவூட்டிக் கேளுங்கள். கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் பாட்டியை வற்புறுத்த வேண்டாம், பேத்தி சொல்வாள். படம் முடிந்தபின், வேறு தாளில், யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஊரில் மரியாதைக்கு ‘மாமா’ என்று அழைக்கப்படுபவரெல்லாம் சொந்தக்காரராகிவிடுவார்.

அக்கா மகளைக் கட்டியவர் ஒருவர் இருந்தால் கோடு குறுக்கே ஓடும், அழிக்காதீர்கள். அக்காவே மாமியாராகவும் ஆகிவிட்டார். இப்போது அவரை என்னவென்று கூப்பிடுகிறார் என்று அந்த மாப்பிள்ளையிடமே கேளுங்கள்.