கூடு போன வாட்சுகள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தைந்து வருஷம் வாட்ச் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன் நான். பழைய தங்க வாட்ச் மேல் சிலருக்கு அப்படி என்ன ஆசை என்று நிலையத்தார் கேட்டார்கள். எனக்கே அந்த ஆசை உண்டு. அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.

தாத்தாவின் வாட்சை எடுத்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுல எத்தனை பவுன் சார் தேறும்?" பாதிப் பேருக்கு என் பதில், ஒன்றுமே தேறாது என்பதுதான். பின்மூடியில் 'மைக்ரான்' என்று பொறித்திருந்தால் அது முலாம். இருபது மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சட்டைக் கை உரசும் விளிம்பில் அது தேய்ந்து, அடியில் இருக்கும் உலோகம் பல்லிளிக்கும்.

அசல் தங்கம் என்றாலும் நம் வீட்டு 22 காரட் அல்ல. அந்தக் கால ஸ்விஸ் வாட்சில் மூடியின் உட்புறம் பார்க்க வேண்டும். பெண்ணின் தலை முத்திரை இருந்தால் 18 காரட், நூற்றுக்கு 75 பங்கு தங்கம். அணில் இருந்தால் 14 காரட். அந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, ராமர் தடவவில்லை போலிருக்கிறது.

எனக்கு ருசி அதற்கும் உள்ளே. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். 1950களின் மெஷின்களில் பலவும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. காதருகே வைத்தால் சின்ன எறும்பு ஓடுகிற மாதிரி கேட்கும். 17 கல் என்று டயலில் போட்டிருப்பது செயற்கை மாணிக்கம். விலைக்காக அல்ல, அச்சு தேயாமலிருக்க. தங்கம் மெத்தென்ற உலோகம், கட்டியவர் மேசையில் இடித்த வடுவைக்கூட வைத்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் தங்கம் போகிறது, முனைகள் மழுங்குகின்றன, வெளியே முத்திரை இருந்தால் அதுவும் அழிகிறது.

இந்த வாட்சுகளுக்கு எதிரியே அவற்றின் தங்கம்தான். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் செய்கோ கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது சாவியே வேண்டாமல் பேட்டரியில் ஓடும் வாட்சை, விற்பனைக்குக் கொண்டுவந்தது. 18 காரட் தங்கக் கூடு, விலை நாலரை லட்சம் யென். சாவி கொடுக்கும் வாட்சுக்கு எமன் தங்கச் சட்டை போட்டுக்கொண்டே வந்தான்! பத்து வருஷத்தில் பழைய மெஷினுக்கு மதிப்பில்லை. 1980 ஜனவரியில் தங்கமோ அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. பிறகென்ன, மெஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூட்டை உருக்கினார்கள். எஃகு வாட்ச் பிழைத்தது, அதை உருக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்றைய தங்க விலையைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது.

அப்படிக் கூடு போன மெஷின்கள் என் மேசை டிராயரில் ஒரு தகர டப்பா நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு இன்று காலை கிளம்பும்போது சாவி கொடுத்துவிட்டு வந்தேன். டயல் இல்லை, முள் இல்லை, இந்நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.