அரிவாள்மணைக்கு ஒரு நன்றிக் கடிதம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் உட்கார்ந்துகொண்டு என்னை இப்போதே பரிதாபமாகப் பார்க்கும் மூன்று பேரே, பொங்கலும் கரும்பும் முடித்துவிட்டுத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடியிருப்புச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வாங்கிய பரிசுக்குக் காலம் கடந்து நன்றிக் கடிதம் அனுப்புவது பண்பா, பாவனையா?" இதுதான் தலைப்பு. பண்பே என்று பேச வந்திருக்கிறேன். இந்த அணியை நானாகக் கேட்டு வாங்கவில்லை. விழாக் குழுத் தம்பி போன் பண்ணி, "அக்கா, நீங்கதான் எல்லாத்தையும் லேட்டாப் பண்றவங்க, அந்தப் பக்கம் நீங்களே பேசிடுங்க" என்றார். தகுதி பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

எதிரணியில் முதலில் பேசிய வங்கி அண்ணன் ஒரு குறளைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது." பார்த்தீர்களா, காலத்தோடு சொல்லும் நன்றிதான் பெரிது, காலம் போன நன்றி காலாவதியான செக் மாதிரி என்றார். அண்ணே, செக் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் குறளில் வரும் நன்றிக்கு 'தேங்க்ஸ்' என்று பொருள் இல்லை. அங்கே நன்றி என்றால் செய்த உதவி. உதவுகிறவன் வேளையறிந்து உதவ வேண்டும் என்கிறார் வள்ளுவர். வாங்கிக்கொண்டவன் எத்தனை நாளுக்குள் கடிதம் போட வேண்டும் என்று அந்த 102ஆம் குறளில் மட்டுமல்ல, அது வரும் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஒரு கெடுவும் இல்லை. மறக்காதே என்றுதான் இருக்கிறது.

இரண்டு குறள் தள்ளி 104ஐப் பாருங்கள். "தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்." தினையளவு உதவியைப் பனையளவாக எடுத்துக்கொள்கிறவர் யார்? பயன் தெரிந்தவர். என் கட்சி மொத்தமும் இந்த 'பயன்தெரிவார்' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஒரு பொருளின் பயன் பரிசுக் காகிதத்தைக் கிழிக்கும்போது தெரிந்துவிடுமா? கல்யாணத்துக்கு மறுநாள் உட்கார்ந்து நூறு பேருக்கு நன்றி எழுதினால், நூறிலும் ஒரே வரிதானே இருக்கும்! "தங்கள் அன்பளிப்பு கிடைத்தது, மகிழ்ச்சி." அது ரசீது. மதுரை, தேனிப் பக்கம் இப்போது மொய் வாங்குகிற இடத்தில் கம்ப்யூட்டரை வைத்து உடனுக்குடன் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். வேகம்தான் பண்பு என்றால் அந்த இயந்திரத்துக்குத்தான் முதல் சால்வை போட வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். 1998, ஆவணி மாதம், எனக்குக் கல்யாணம். வந்த பரிசில் சுவர்க்கடிகாரம் மட்டும் ஏழு. எவர்சில்வர் குடம், சம்படம், தட்டு என்று பெயர் வெட்டிக் கொடுத்த பாத்திரங்கள் ஒரு பக்கம். திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த என் பெரிய அத்தை, செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டிய ஒரு கனமான பொட்டலத்தை என் மடியில் வைத்தார். பிரித்தால் அரிவாள்மணை! பலாக்கட்டை, பழைய இரும்பு, நுனியில் பல்பல்லாகத் தேங்காய் துருவி. பக்கத்தில் நின்ற என் தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. சென்னையில் இரண்டு அறை வீடு, மேடை வைத்த சமையலறை, புது மிக்சி. தரையில் உட்கார இடம் ஏது? பொருள் பரணுக்குப் போனது. அத்தைக்கு ஒரு வரி எழுதவில்லை.

2015 டிசம்பர் வந்தது. அந்த வெள்ளத்தை இங்கே இருப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். நாலு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. கீழ்வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு மூட்டைத் தேங்காயை மட்டும் எப்படியோ மாடிக்கு ஏற்றிவிட்டார். ஆறு வீட்டுச் சமையலும் எங்கள் கூடத்தில், இரண்டு கேஸ் அடுப்பில். அரிசி இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, ஆறு வீட்டு மிக்சியும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் என் மாமியார் பரணைப் பார்த்தார்.

சணலைக்கூட நான் முழுதாக அவிழ்த்திருக்கவில்லை. துரு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்து, தரையில் உட்கார்ந்து, ஒரு காலைக் கட்டையின் மேல் வைத்துத் துருவ ஆரம்பித்தேன். முதல் மூடியில் விரலைக் கிழித்துக்கொண்டேன். மூன்றாவது மூடியில் கைக்குப் பழக்கம் வந்துவிட்டது. நாலு நாளும் தேங்காய்ச் சாதம், துவையல் இல்லாமல் வெறும் துருவலும் வெல்லமும், பிள்ளைகளுக்குத் தேங்காய்ப் பால். பல்வரிசை தேங்காயில் ஓடும் அந்தச் சரக் சரக் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக் குழந்தை கிண்ணத்தோடு வந்து நிற்கும்.

இப்போது சொல்லுங்கள். 98இல் நான் நன்றி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? பொய் எழுதியிருப்பேன். அத்தைக்குச் சொல்ல என்னிடம் விஷயம் சேர்வதற்குப் பதினேழு வருஷம் ஆனது. உடனே எழுதுவது நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை, எழுதியிருந்தால் அத்தை அன்றைக்கே சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் விட்டுப்போனவன் இனி எழுதவே கூடாது, எழுதினால் அது வேஷம் என்கிறீர்களே, அங்கேதான் மறிக்கிறேன்.

சரி, எழுதினேனா? முதல் தடவை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வேலைப்பளு, வீடு மாறியது, மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் போனது, பிள்ளைகள் படிப்பு. வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுல அரிவாள்மணை எங்க?" கிழித்துப் போட்டேன். தாமதமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். நன்றியைவிட மன்னிப்பு நீளமாகிவிடும். படிக்கிற மனுஷர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிடும். அதைவிட மோசம், "போன வருஷமே போட்டேனே, தபாலில் தொலைந்துவிட்டது போல" என்ற பொய். எதிரணியினர் பாவனை என்று சொல்வது இந்த மாதிரிக் கடிதத்தை என்றால் நானும் அவர்கள் பக்கம். நானூறு பேருக்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் கும்பிடு படம் ஒன்றைத் தட்டிவிடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது கடிதம் இன்லண்ட் லெட்டரில். இரண்டரை ரூபாய். அதில் எழுதியது இவ்வளவுதான்: "அத்தைக்கு, இங்கே எல்லோரும் நலம். கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த அரிவாள்மணையைப் பரணில் போட்டு வைத்திருந்தேன். மழையில் நாலு நாள் கரண்ட் இல்லாதபோது ஆறு வீட்டுக்கும் அதில்தான் தேங்காய் துருவினோம். எப்போதோ எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நன்றி அத்தை." தாமதத்துக்கு ஒரு வரி. மற்றதெல்லாம் பொருளும் அது பட்ட பாடும்.

எதிரணித் தங்கை ஒரு நியாயமான கேள்வி கேட்டார். நம் வீட்டில் அம்மா காபி கொடுத்தால் நன்றியா சொல்கிறோம்? சொந்தத்துக்குள் அந்தச் சொல்லே அந்நியம் இல்லையா? சொல் அந்நியமாக இருக்கலாம் அம்மா, வழக்கம் அந்நியம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை உங்கள் அம்மா வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாரா? நாலு கரண்டிச் சர்க்கரையாவது போடாமல் அந்தக் கிண்ணம் வாசல் தாண்டாது. அது பத்து நாள் கழித்தும் போகும், மாசம் கழித்தும் போகும். கிண்ணத்துக்காரி கேட்டால் கிண்ணத்தைக் காணோமே என்று கேட்பாளே தவிர, சர்க்கரை லேட்டாக வந்தது, இது வேஷம் என்று சொல்ல மாட்டாள்.

ஈழத்தமிழர் வீடுகளில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டிப் பத்திரிகையில் 'நன்றி நவிலல்' என்று அறிவித்தல் போடுவார்கள். மலர்வளையம் அனுப்பியவர், சமைத்துக்கொண்டு வந்தவர், தூரத்திலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர், எல்லோருக்கும். ஒரு மாதம் கழித்து! அதை யாரும் தாமதம் என்பதில்லை. அழுகை கொஞ்சம் அடங்கி, யார் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று வீடு நிதானமாக நினைத்துப் பார்க்கக் காலம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில்கூடக் கல்யாணப் பரிசுக்கு மூன்று மாதத்துக்குள் எழுது என்பார்கள். தவறிவிட்டால் விட்டுவிடு என்று அங்கேயும் சொல்வதில்லை.

வங்கி அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: "திருப்பி மொய் செய்துவிட்டோமே, கணக்கு நேர், அப்புறம் எதற்குக் கடிதம்?" அண்ணே, மொய் நோட்டில் என்ன இருக்கும்? பெயர், ஊர், தொகை. 201 ரூபாய் எழுதியவர் ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாரா என்று எந்த நோட்டில் இருக்கிறது? 201க்கு 501 திருப்பிச் செய்தால் நோட்டு நேராகும், பஸ் பாக்கி நிற்கும்.

கடைசியாகப் பேசிய தம்பி, "அவங்களே மறந்திருப்பாங்க, நாமா போய் ஞாபகப்படுத்தி மாட்டிக்கணுமா?" என்றார். தம்பி, கொடுத்தவர்கள் மறப்பதில்லை. அவர்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்கக் கூடாது என்று மூதுரையின் முதல் பாட்டிலேயே சொல்லிவைத்திருக்கிறது. "நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி என்று தருங்கொல் எனவேண்டா." தென்னைக்குக் காலில் ஊற்றிய தண்ணீரை அது தலையால் தருகிறதாம். நம் நாட்டுத் தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். இளநீர் லேட் என்று யாராவது மரத்தை வெட்டினார்களா?

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரியே அத்தையிடமிருந்து போன் வந்தது. அழுவாரோ, திட்டுவாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். எடுத்ததும் ஒரே கேள்வி: "ஏட்டி, சாணை பிடிச்சியா?" பதினேழு வருஷம் பற்றி ஒரு பேச்சு இல்லை. எந்தத் தேங்காய், எத்தனை மூடி, கட்டை ஆடுகிறதா, ஆடினால் அடியில் ஆப்பு வை என்று அரைமணி நேரம். என் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அத்தையும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை, நடுவர் ஐயா.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே நிமிஷம். போன பொங்கலுக்கு இதே மேடையில் பேசியதற்கு நம் சங்கத்தில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எட்டாவது கடிகாரம். ஒரு வருஷமாக நான் நன்றி சொல்லவில்லை. இதோ கவர். செயலாளர் தம்பி, கொஞ்சம் மேலே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நாலே வரிதான். கடிகாரம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, மாமியார் அதைப் பார்த்துத்தான் மாத்திரை போடுகிறார் என்று எழுதியிருக்கிறேன். நாளுக்கு இரண்டு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. வணக்கம்.