குண்டானாலும் சர்க்கரை இல்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

“ராத்திரி ரெண்டு இட்லிதான் டாக்டர் சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல பார்த்தா சுகர் 170 காட்டுது.” குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் சர்க்கரை நோயாளிகளிடம் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். வீட்டில் யாரும் நம்புவதில்லை. நடு ராத்திரியில் மக்கன் பேடா டப்பாவைத் திறந்திருப்பார் என்று சந்தேகப்படுகிறார்கள். பல நேரம் அவர் சொல்வது நிஜம்தான். நாம் தூங்கும்போது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. விடியற்காலையில் சர்க்கரை ஏறுவதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த ஹார்மோனையும் அதோடு தொடர்புள்ள ஒரு மரபணுவையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வளர்ந்து முடித்தவருக்கு வளர்ச்சி ஹார்மோன் எதற்கு என்று கேட்பீர்கள். வயிறு காலியாக இருக்கும் நேரத்தைச் சமாளிக்கத்தான். நம் கொழுப்பு செல்களை நெல் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஹார்மோன் போய் அந்தக் குதிரைத் திறந்துவிடுகிறது. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. தசைகள் அவற்றை எரித்துக்கொண்டு, குளுக்கோஸை வேண்டாம் என்று தள்ளுகின்றன. கல்லீரலும் தன் பங்குக்குக் குளுக்கோஸை வெளியே விடுகிறது. பட்டினி கிடப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு, மூளைக்குக் குளுக்கோஸ் மிஞ்சும். மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்கோ இது இன்சுலினோடு மல்லுக்கட்டும் வேலை. அர்ஜென்டினாவின் உடலியல் விஞ்ஞானி பெர்னார்டோ ஊசே 1930 வாக்கிலேயே இதன் தடயத்தைப் பிடித்துவிட்டார். இன்சுலினைச் சுரக்கும் கணையத்தை எடுத்த நாய்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. பிட்யூட்டரியையும் சேர்த்து எடுத்தபோது அது தணிந்தது. 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, மரபணுவுக்கு வருவோம். ஹார்மோன் சுரந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொள்ள செல்லின் மேல் ஓர் ஏற்பி வேண்டும். அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு நம் ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. அது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பழுதாக வந்தால் ஹார்மோன் நிறைய இருந்தும் பயனில்லை. இஸ்ரேல் மருத்துவர் ஸ்வி லாரோன் 1966-இல் விவரித்ததால் இதற்கு லாரோன் நோய் என்று பெயர். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் இப்படிப்பட்ட நோய்கள் தலைகாட்டும் வாய்ப்பு கூடுதல். அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில் இதை நினைவில் வைப்பது நல்லது.

தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடாரின் லோகா மாகாணத்தில் இந்த நோய் உள்ளவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். வளர்ந்த ஆண்களே நாலரை அடியைத் தாண்டுவது அரிது. உடம்போ குண்டு. அந்த நாட்டு மருத்துவர் ஹைமே கெவாரா அகிரே குழுவினர் 99 பேரை 22 ஆண்டுகள் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூடச் சர்க்கரை நோய் இல்லை. அதே ஊரில், அதே சாப்பாடு சாப்பிட்ட உறவினர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருந்தது. குதிர் நிறைந்திருக்கிறது, ஆனால் திறந்துவிட ஆளில்லை. அதனால் இன்சுலின் தடையில்லாமல் வேலை செய்கிறது. முழுப் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இஸ்ரேலில் லாரோன் நோயாளிகள் சிலருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் குறித்துவைத்து, அவர்கள் முப்பது வயதை ஒட்டியபோது மறுபடி பரிசோதித்தார்கள். எடை குறைவாகப் பிறந்து, சிறு வயதில் ஒல்லியாக இருந்து, பிறகு வேகமாகச் சதை போட்டவர்களிடம்தான் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகத் தெரிந்தது. லோகாவில் குண்டாக இருந்தும் வரவில்லை. இங்கே அவ்வளவு குண்டாகாமலேயே வந்துவிடுகிறது. எனக்கு என்னவோ, எவ்வளவு கொழுப்பு என்பதைவிட அது எங்கே தங்குகிறது, எப்போது ரத்தத்தில் இறங்குகிறது என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த மரபணுவிலேயே சாதாரணமாகக் காணப்படும் இன்னொரு வகை உண்டு. டி3 என்பார்கள். மூன்றாவது துண்டு மட்டும் இல்லாத வகை. நோய் இல்லை. இந்த வகை உள்ள குள்ளமான குழந்தைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டபோது மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள் என்று 2004-இல் ஒரு பிரெஞ்சுக் குழு கண்டது. சர்க்கரை நோயோடு இதற்குள்ள தொடர்போ ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிடலாம்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சதை ஏற வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும், சர்க்கரையை ஏற்றிவிடும்.

பிட்யூட்டரியில் கட்டி வந்து இந்த ஹார்மோன் தானாகவே அதிகமாகச் சுரப்பதும் உண்டு. மோதிரம் விரலில் ஏறாது, செருப்பு அளவு கூடும், தாடை முன்னே வரும், கூடவே சர்க்கரையும் வரும். அப்படி இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள், ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். அறுவை சிகிச்சை இருக்கிறது. ஏற்பியையே அடைத்துவைக்கும் பெக்விசோமன்ட் என்ற ஊசி மருந்தும் இருக்கிறது. சிகிச்சை பலித்தால் பலருக்குச் சர்க்கரையும் கூடவே இறங்கும்.

வணக்கம்.