யாழ் எங்கே, அக்கா?

நடுவர் ஐயாவுக்கும், கடற்காற்றில் இவ்வளவு நேரம் காத்திருக்கும் திருகோணமலை மக்களுக்கும் வணக்கம். மறந்துபோன இசையை மீட்பவர் அதை இருந்தபடியே வாசிக்க வேண்டுமா, தம் கற்பனையைச் சேர்க்கலாமா என்பது தலைப்பு. சேர்க்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. “செத்தவர் சொத்தில் கைவைக்காதீர்கள்” என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி அக்கா.

எந்தச் சொத்து, அக்கா? நியூயோர்க்கில் ஹெர்பி நிக்கல்ஸ் என்றொரு ஜாஸ் பியானோக் கலைஞர் இருந்தார். ஏறத்தாழ 170 மெட்டுகள் அமைத்தவர், பிழைப்புக்காகப் பழைய பாணி டிக்ஸிலாண்ட் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மெட்டு ஒன்றுக்குப் பாடகி பில்லி ஹாலிடே சொற்கள் எழுதிப் பாடினார். பாட்டு ஊரெல்லாம் பரவியது, மெட்டமைத்தவரை எவரும் விசாரிக்கவில்லை. 1963இல், 44 வயதில், இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. தகப்பனார் வீட்டில் இருந்த கையெழுத்துத் தாள்கள் பலவற்றை வெள்ளம் கொண்டுபோனது.

1990களில் பியானோக் கலைஞர் பிராங்க் கிம்பரோவும் பாஸ் கலைஞர் பென் அலிசனும் அவர் பெயரிலேயே ஒரு குழு அமைத்தார்கள். காப்புரிமைக்காக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பதிந்திருந்த தாள்களைத் தேடியெடுத்து, ஒருமுறைகூட ஒலிப்பதிவாகாத மெட்டுகளை வாசித்தார்கள். இருந்தபடியே வாசி என்றால், எதைப் பார்த்து வாசிப்பது? ஜாஸ் தாளில் மெட்டும் அதைத் தாங்கும் கோர்டுகள் என்ற சுரக்கூட்டுகளும்தான் இருக்கும். மிச்சம் வாசிப்பவன் பாடு, நம் கற்பனாசுரம் போல.

நிக்கல்ஸ் தம் பெயரில் ஒலிப்பதிவு செய்தவை பெரும்பாலும் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூவர் வாசிப்பு. இவர்கள் டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் சேர்த்தார்கள். அந்த மூவர் பதிவுகளில் ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸோடு பியானோ சண்டை பிடிக்கும் அழகு இதில் கொஞ்சம் மங்கியது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பழைய இசைத்தட்டு இருக்கிறதே, அதை யார் உடைத்தார்கள்?

தூரம் ஏன் போக வேண்டும்? ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று சம்பந்தர் நம் ஊரைப் பாடிய பதிகத்துக்குப் பண் புறநீர்மை. தேவாரப் பண்கள் மறைந்துபோனபின், சம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணே அவற்றை வகுத்துத் தந்தார் என்கிறது திருமுறைகண்ட புராணம். இன்று ஓதுவார்கள் புறநீர்மையைப் பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். அன்று சம்பந்தரோடு ஒலித்த யாழ் இல்லை.

அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் பதிகம் பாடுபவரை இடைமறித்து, “யாழ் எங்கே?” என்று கேளுங்கள். நானும் கூடவே வருகிறேன், அவர் முகத்தைப் பார்க்க.