ஃப்ரைஸ் எலக்ட்ரானிக்ஸை மூடியது அமேசானா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். கலிபோர்னியாவில் இருக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃப்ரைஸ் எலக்ட்ரானிக்ஸை அமேசான்தானே ஒழித்துக்கட்டியது? அப்படியானால் மைக்ரோ சென்டர் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ஃப்ரைஸ் இனித் திரும்ப வருமா?"

ஃப்ரைஸ் எனக்கு ரொம்பப் பிடித்த கடை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஃப்ரைஸ், மைக்ரோ சென்டர் இரண்டும் கம்ப்யூட்டரும் அதன் பாகங்களும் விற்கும் அமெரிக்கக் கடைத்தொடர்கள்; ஃப்ரைஸ் 2021-ல் மூடப்பட்டது. 1985-ல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஜான், ராண்டி, டேவிட் என்ற ஃப்ரை சகோதரர்கள் மூவரும் கேத்ரின் கோல்டர் என்பவரும் சேர்ந்து ஆரம்பித்தது. சகோதரர்களின் அப்பா சூப்பர்மார்க்கெட் நடத்தியவர். பிள்ளைகள் அந்த மளிகைக் கடைப் பாணியை அப்படியே எலக்ட்ரானிக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். சரக்கை மலை மாதிரி குவி, பேப்பரில் முழுப்பக்கம் விளம்பரம் கொடு, விலையைக் குறை. உருளைக்கிழங்கு சிப்ஸும் கம்ப்யூட்டர் சிப்பும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தன.

கடைகளின் அலங்காரமும் பேர்போனது. பர்பேங்க் கடைக்குப் போனால் வாசல் முகப்பிலேயே ஒரு பறக்கும் தட்டு வந்து மோதிச் செருகி நிற்கும். ஃபீனிக்ஸ் கடை ஆஸ்டெக் கோயில், பாலோ ஆல்டோ கடை பழைய கௌபாய் ஊர். ஆனால் அலங்காரத்துக்காக யாரும் திரும்பத் திரும்பப் போகவில்லை. உள்ளே ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மாதிரி சர்க்யூட் பாகங்கள் எல்லாம் சின்னச் சின்ன உறைகளில் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும். பக்கத்திலேயே சால்டரிங் கம்பி, மல்டிமீட்டர், மதர்போர்டு, கேபிள். சனிக்கிழமை ராத்திரி ஒரு சர்க்யூட் போர்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு ஐசி (சின்ன சிப்) புகைந்து போனால், அப்போதே போய் வேறு வாங்கி வந்து வேலையை முடிக்கலாம். "போனால் கிடைக்கும்" என்ற அந்த நம்பிக்கைதான் ஃப்ரைஸ்.

குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஊழியர் கிடைப்பது அதிர்ஷ்டம். வேறு யாரோ திருப்பிக் கொடுத்த பொருள், ஸ்டிக்கர் ஒட்டி மறுபடியும் அலமாரித் தட்டுக்கு வரும். வெளியே போகும்போது வாசலில் ரசீதை வாங்கிச் சரிபார்ப்பார்கள். இத்தனையையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் சரக்கு இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அமேசான். அடி பலமான அடிதான். 2012 செப்டம்பர் வரைக்கும் கலிபோர்னியாக்காரர்களிடம் அமேசான் விற்பனை வரி வசூலிக்கவில்லை. சன்னிவேல் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) அந்த வரி எட்டு சதவீதத்துக்கு மேல். அதே விலைப் பொருள் ஃப்ரைஸில் தானாகவே அந்த அளவுக்குக் கூடுதல். இதில் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், 2001-லேயே அவுட்போஸ்ட் டாட் காம் என்ற இணையக் கடையை ஃப்ரைஸ் விலைக்கு வாங்கியிருந்தது. இத்தனை சீக்கிரம் கையில் வந்த இணையக் கடையை அவர்கள் வளர்த்தெடுக்கவே இல்லை.

ஆனால் உயிர் போனது அதனால் இல்லை என்பதுதான் என் கருத்து. சரக்கு கொடுப்பவர்களின் நம்பிக்கை போனது, அதனால் போனது. சில்லறை வியாபாரத்தில் கடைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுப்பார். முப்பது நாள், அறுபது நாள் தவணை, விற்ற காசில் அடைப்பார். சப்ளையர் அதற்குச் சம்மதிக்கிறார் என்றால் இந்தக் கடை பணம் தரும் என்று நம்புகிறார் என்று அர்த்தம். 2019 வாக்கில் ஃப்ரைஸ் கன்சைன்மென்ட் முறைக்கு மாறப்போவதாகச் சொன்னது. அதாவது சரக்கு உன்னுடையதாகவே இருக்கட்டும், என் கடையில் வை, விற்றால் காசு தருகிறேன் என்ற ஏற்பாடு. சப்ளையர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அமேசானில் நாளைக்கே விற்கக்கூடிய கிராஃபிக்ஸ் கார்டை, விற்குமோ விற்காதோ என்று இங்கே ஏன் முடக்கிவைக்க வேண்டும்? நல்ல சரக்கு வைத்திருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்த வருஷமே தட்டுகள் காலியானது எல்லோர் கண்ணிலும் பட்டது. நீள நீளமான வரிசைகளில் முன்வரிசைக்கு மட்டும் ஒரே பொருளைப் பரப்பி வைத்திருந்தார்கள், பின்னால் வெறும் தட்டு. மூடப்போகிறீர்களா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது இல்லை என்றுதான் பதில் வந்தது.

இடையில் ஒன்று. 2008-ல் ஃப்ரைஸின் துணைத் தலைவர் ஒருவர், சப்ளையர்களிடம் 6.5 கோடி டாலருக்கு மேல் கள்ளக் கமிஷன் வாங்கி லாஸ் வேகாஸில் சூதாடினார் என்று கைதானார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார். கடை மூடியதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், நடுவில் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. இருந்தாலும் சப்ளையர்கள் அதை அவ்வளவு லேசாக மறந்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

அப்புறம் 2020. ஊரே வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம். வெப்கேம், மானிட்டர், லேப்டாப் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் அலைந்த நேரம். பெஸ்ட் பை என்ற போட்டி எலக்ட்ரானிக்ஸ் கடை கார் நிறுத்துமிடத்திலேயே பொருளைக் கொண்டுவந்து கொடுத்து நன்றாக விற்றது. ஃப்ரைஸிடம் விற்பதற்குச் சரக்கு இல்லை. அமேசான் மட்டுமே காரணம் என்பவர்களுக்கு இந்த ஒரு வருஷமே பதில் என்பேன். வாடிக்கையாளர்கள் வாசலுக்கு வரத் தயாராக இருந்தார்கள்.

2021 பிப்ரவரி 24 அன்று இணையதளத்தில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். ஒன்பது மாநிலங்களில் இருந்த 31 கடைகளும் ஒரே நாளில் மூடல். சில்லறை வியாபார மாற்றத்தையும் கோவிட்டையும் காரணமாகச் சொன்னார்கள். கன்சைன்மென்ட்டில் சரக்கு வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துப் போவது பற்றியும் அதிலேயே எழுதியிருந்தார்கள்.

மைக்ரோ சென்டருக்கு வருகிறேன். 1979-ல் ஒஹையோவில் தொடங்கியது. அவர்களுக்கும் அதே அமேசான்தான் போட்டி. ஆனால் கடைகளின் எண்ணிக்கையைச் சிறிதாக வைத்துக்கொண்டார்கள், பிராசஸரையும் மதர்போர்டையும் சேர்த்துக் கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு மட்டும் குறைந்த விலையில் கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யத் தெரிந்த ஆட்களை நிறுத்தினார்கள். 2012-ல் சான்டா கிளாராவை விட்டுப் போனவர்கள் 2025-ல் அதே ஊரில் மறுபடியும் கடை திறந்திருக்கிறார்கள்.

ஃப்ரைஸ் திரும்ப வருமா என்றால், வராது. பெயரை யாராவது வாங்கி இணையத்தில் ஓட்டினாலும் அது நமக்குத் தெரிந்த கடையாக இருக்காது. பிராசஸர், ராம் மாதிரி பாகங்கள் வேண்டுமென்றால் நீங்கள் சான்டா கிளாரா மைக்ரோ சென்டருக்கே போகலாம். உதிரி ரெசிஸ்டர், ஐசிக்கு டிஜி-கீ அல்லது மௌசர் என்ற இணையப் பாகக் கடைகளில் ஆர்டர் போடுங்கள். அடிக்கடி தேவைப்படும் மதிப்புகளில் பத்துப் பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை ராத்திரி அவசரத்துக்கு இப்போது வேறு வழியில்லை.