உறையின் மேல் இரண்டு வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம்.

மூடிவைத்த டப்பாவைத் திறந்து ஒரு கை பயறு அள்ளினால், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒரு பொடி ஓட்டை. பயறு வண்டின் வேலை. பயறு விளைகிற நாடுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்தக் காட்சி உண்டு. தாய் வண்டு பயறின் தோல்மேல் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும். பொரிந்து வரும் புழு நேராக உள்ளே குடைந்து, அங்கேயே தின்று வளர்ந்து, வண்டாக மாறி வெளியேறும்போதுதான் நமக்கு அந்த ஓட்டை தெரிகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு மாதம். நான்கைந்து சுற்று ஓடினால் மூட்டையில் மிஞ்சுவது தோலும் மாவும்தான்.

மடகாஸ்கர் தீவில் எடுத்த ஒரு காட்டுப் பாசிப்பயறு இருக்கிறது. விதை ஆராய்ச்சியாளர்கள் அதை டிசி 1966 என்ற எண்ணால் அழைப்பார்கள். வண்டு அதன் மேலும் முட்டையிடும், புழு உள்ளேயும் நுழையும். ஆனால் வளர முடியாமல் செத்துப்போகும். மெக்சிகோவில் சேகரித்த சில காட்டு பீன்ஸ் விதைகளிலும் இப்படித்தான். அங்கே ஆர்சிலின் என்ற புரதம் புழுவை வளரவிடாமல் தடுக்கிறது. நாம் வயலில் வளர்த்துவந்த பீன்ஸில் அந்தப் புரதம் இல்லை.

ஏன் இல்லை? அதற்குப் பதில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. காட்டுப் பயறின் காய் முற்றியதும் தானாக வெடித்து விதையைச் சிதறடிக்கும். அறுவடை செய்ய வந்தவர் கையில் சேர்ந்தது வெடிக்காமல் நின்ற காய்கள். அடுத்த முறை விதைத்ததும் அவற்றைத்தான். காட்டு விதையின் தோல் கெட்டியானது, முளைக்க நாளாகும். உடனே முளைத்தது மட்டுமே வயலில் நிலைத்தது. பெரிய விதை, கசப்புக் குறைந்த விதை, சீக்கிரம் வேகிற விதை என்று பொறுக்கிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பொறுக்கலிலும் சில செடிகளின் பிள்ளைகள் மட்டும் அடுத்த வயலுக்குப் போயின. மற்றவை வரப்புக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றோடு வண்டைத் தாங்கும் குணம், வறட்சியைத் தாங்கும் குணம், நோயைத் தாங்கும் குணம் என்று எத்தனையோ நின்றுவிட்டன. யாரும் தெரிந்து தூக்கி எறியவில்லை. அன்றைய தேவைக்கு அவர்கள் பொறுக்கியது சரிதான்.

இதில் நிலக்கடலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுக் கடலை இனங்கள் கலந்து, அந்தக் கலப்பில் குரோமோசோம்கள், அதாவது செடியின் குணங்களைச் சுமக்கும் இழைகள், இரட்டிப்பாகிப் பிறந்தது நமது நிலக்கடலை. காட்டு இனங்களுக்கு 20 குரோமோசோம், இதற்கு 40. அந்தக் கலப்பு மிக மிக அரிதாக நடந்த ஒன்று. உலகம் முழுக்க விளைகிற கடலை எல்லாம் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். குரோமோசோம் எண்ணிக்கை மாறிப்போனதால் காட்டுச் சொந்தங்களோடு இயல்பாகக் கலக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. அதனால்தான் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் வந்தால் வயல் முழுக்க ஒரே மாதிரி இலை உதிர்ந்து நிற்கிறது.

பொலிவியாவில் சேகரித்த அராக்கிஸ் கார்டினாசி என்ற காட்டுக் கடலைக்கு இந்த இரண்டு நோயும் பொருட்டே இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆராய்ச்சியாளர்கள் அதை நிலக்கடலையோடு கலந்தார்கள். பிறந்த செடிக்கு 30 குரோமோசோம், விதை பிடிக்காத மலடு. மருந்து கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கி 60 ஆக்கினார்கள். அப்புறம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது அந்தச் செடிகள் உபரிக் குரோமோசோம்களை உதிர்த்து 40-க்கு வந்து நின்றன. காட்டுக் கடலையின் சில துண்டுகள் மட்டும் உள்ளே தங்கிவிட்டன. அந்த விதைகளை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர்களும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி கலந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். 2021-ல் மரபணுவைப் பிரித்துத் தடம் பார்த்தபோது, அந்த ஒரே காட்டுச் செடியின் துண்டுகள் 30 நாடுகளில், 250-க்கும் மேற்பட்ட கடலை ரகங்களிலும், ரகமாக்க வளர்த்துவரும் செடி வரிசைகளிலும் இருப்பது தெரிந்தது. தங்கள் வயலில் ஒரு பொலிவியக் காட்டுச் செடி குடியிருப்பதை அந்த விவசாயிகளில் பெரும்பாலோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. அந்தச் செடியைச் சேகரித்தவர்கள் பையில் போட்ட அன்று அது இத்தனை தூரம் போகும் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

எல்லாப் பயறுக்கும் இப்படிப் போய்க் கேட்க ஒரு காட்டுச் சொந்தம் இருந்துவிடுவதில்லை. ஃபாபா பீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆசியாவில் பழங்காலம் முதல் விளைகிற பயிர். அதன் காட்டு மூதாதை இன்றுவரை உயிரோடு எங்கும் கிடைக்கவில்லை. நெருங்கிய இனங்களோடு கலந்து பார்த்தும் பலன் இல்லை. அந்தப் பயிருக்கு விவசாயிகளிடம் இருக்கிற நாட்டு ரகங்களும் விதை வங்கிகளில் சேமித்துவைத்திருக்கிற விதைகளும்தான் மொத்தச் சொத்து. அதில் ஒன்று போனாலும் ஈடு இல்லை.

இந்தச் சொத்தை எப்படிக் காக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பயறு விதையை மெதுவாக உலர்த்தி, ஈரப்பதத்தை 3 முதல் 7 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, காற்றுப் புகாத உறையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி குளிரில் வைப்பார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சில விதைகளை எடுத்து முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். முளைப்பு 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். கொண்டைக்கடலை போன்றவை தன் பூவிலேயே தான் கருவுறுகிறவை, அதனால் பக்கத்துப் பாத்தியில் வேறு ரகம் நின்றாலும் பெரிய சேதம் இல்லை. துவரை அப்படி இல்லை. தேனீக்கள் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடும், ரகம் கலங்கிவிடும். அதனால் வலைக்குள் வளர்த்து விதை எடுக்கிறார்கள். ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மட்டும் துவரை விதை மாதிரிகள் 13,000-க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இந்தப் பணி வரும். வெளியே தெரியாத உழைப்பு இது. இதற்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்கள் ஒருமுறையாவது அந்த வலைக்குள் போய் நின்று பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சிரியாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அலெப்போ அருகே தெல் ஹத்யா என்ற இடத்தில் இக்கார்டா என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கி இருந்தது. மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, ஃபாபா பீன்ஸ், கேசரிப் பருப்பு ஆகியவற்றின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்று அது. 2008-ல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் உலக விதைப் பெட்டகம் திறந்ததிலிருந்து அவர்கள் தங்கள் விதைகளின் நகல்களை அங்கே அனுப்பிவந்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர். அலெப்போ வங்கியில் வழக்கமான வேலை நடக்க முடியாத நிலை வந்தது. 2015-ல் ஸ்வால்பார்டிலிருந்து சுமார் 38,000 மாதிரிகளைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து விதை வெளியே வந்தது அதுவே முதல் முறை. லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் புது விதைகளை மீண்டும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அந்த நகல்கள் இல்லாதிருந்தால் எதை இழந்தோம் என்று கணக்கெடுக்கக்கூட வழி இருந்திருக்காது.

சரி, காத்துவிட்டோம். எடுத்துப் பயன்படுத்துகிறோமா? எனக்கு உண்மையான வருத்தம் இங்கேதான். பயிர் வளர்ப்பு ஆய்வாளரிடம் போய், இதோ 20,000 கொண்டைக்கடலை, இதில் உங்களுக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? தனக்கு ஏற்கெனவே பழக்கமான பத்து இருபது ரகங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கலப்பார். இக்ரிசாட் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அப்போது தங்களிடம் இருந்த ஏறத்தாழ 17,000 கொண்டைக்கடலை மாதிரிகளிலிருந்து, அவற்றின் வேறுபாடுகளுக்கெல்லாம் ஓரளவு பிரதிநிதியாக 1,956-ஐத் தேர்ந்தார்கள். அதையும் சுருக்கி 2001-ல் 211 மாதிரிகள் கொண்ட சிறு தொகுப்பை வெளியிட்டார்கள். 211-ஐ எந்த ஆய்வாளரும் தன் வயலில் விதைத்துப் பார்க்கலாம். குளிர் அறையில் கிடந்த விதை வயலுக்கு வர ஒரு கதவு திறந்தது. கேள்வி கேட்டால் விதை பதில் சொல்லும் என்பதற்கு ஐசிசி 4958 சாட்சி. ஆழமாக, அடர்த்தியாக வேர்விடும் அந்தக் கொண்டைக்கடலையின் குணத்தை ஏற்றிய வறட்சி தாங்கும் ரகங்கள் இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விவசாயிகளிடம் வந்திருக்கின்றன.

முதலில் சொன்ன வண்டுக்குத் திரும்புகிறேன். காட்டு விதையிலிருந்து ஒரு குணத்தை எடுக்கும்போது காய் வெடிப்பது போன்ற வேண்டாதவையும் ஒட்டிக்கொண்டு வரும். வண்டைக் கொல்வது உண்பவருக்குக் கெடுதல் செய்யாதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் ஆய்வாளர்கள் இன்னொரு பக்கமும் தேடினார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தின் பாசிப்பயறுத் தொகுப்பைச் சலித்தபோது வி 2709, வி 2802 என்ற இரண்டு, காட்டுப் பயறு அல்ல, வயல் பயறே, வண்டைத் தாங்கி நின்றன! அதுவரை எத்தனை காலம் யாரும் கேட்காமல் அவை உறைக்குள் இருந்தனவோ.

ஒரே விதையை நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. தட்டைப்பயறின் வேரை ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற களை மேற்கு ஆப்பிரிக்காவில் வயல்களைப் பாழாக்குவது. போட்ஸ்வானா விவசாயிகளின் நாட்டு ரகமான பி 301 அதைத் தடுத்தது. ஆனால் பெனின் நாட்டில் சாக்போட்டா பகுதியின் ஸ்ட்ரைகா அதையும் தாண்டிவிட்டது. அமெரிக்க சோயாபீன்ஸில், வேரைத் தாக்கும் நூற்புழுவைத் தாங்கும் ரகங்களில் மிகப் பெரும்பாலானவை பிஐ 88788 என்ற ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இப்போது நூற்புழு அதற்கும் பழகிக்கொண்டு வருகிறது. ஒரு பூட்டையே எல்லாக் கதவுக்கும் போட்டால் திருடன் ஒரு சாவியோடு போதும்.

நாடுகளுக்கு இடையே விதை கைமாறுவது பற்றி 2001-ல் ஓர் பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. எளிதாகக் கைமாற்றிக்கொள்ள வழி செய்யும் அதன் பட்டியலில் 64 பயிர்களும் பயிர்த் தொகுதிகளும் இடம்பெற்றன. கொண்டைக்கடலை, துவரை, தட்டைப்பயறு, பட்டாணி எல்லாம் உண்டு. நிலக்கடலையும் சோயாவும் இல்லை. விதை பிறந்த நாட்டுக்கும் அதைக் காத்துவந்த விவசாயிகளுக்கும் பலனில் பங்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் பங்கு பிரிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போய், விதை நகராமல் நின்றுவிட்டால் பிரிக்கவும் ஒன்றும் இருக்காது. அந்தப் பொலிவியக் கடலை 30 நாடுகளுக்குப் போன மாதிரி இன்னொரு காட்டுக் கடலை இன்று போகுமா என்பது என் கவலை.

கடைசியாக, விதைகளோடு வேலை செய்த நாட்களில் நான் கண்ட ஒன்று. ஒரு தொகுப்பில் பழைய உறை ஒன்றைத் திறந்தேன். உள்ளே அழகான, புள்ளி விழுந்த பயறு. உறையின் மேல் இரண்டே வார்த்தை: ‘சந்தையில் வாங்கியது’. எந்த ஊர்ச் சந்தை, யார் விளைத்தது, எந்த மண், எதுவும் இல்லை. அந்த விதையை முளைக்கவைக்க முடிந்தது. விளைத்தவர் அதைப் பற்றி அறிந்திருந்ததை முளைக்கவைக்க முடியவில்லை. மானாவாரியில் நின்றதா, மழை தப்பினால் தாங்கியதா, ஒரு கொதியில் வெந்ததா என்று கேட்க ஆளே இல்லை.

உங்களில் யாரிடமாவது வீட்டில் தலைமுறையாக வருகிற பயறு விதை இருந்தால், ஒரு கைப்பிடியை நன்றாக உலர்த்தி எடுத்துவையுங்கள். அதன் பெயர், அதற்கு வீட்டில் வழங்கும் செல்லப்பெயர் இருந்தால் அதுவும், யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் விதைப்பது, எத்தனை நாளில் காய்க்கும், எந்தப் பூச்சி அண்டாது, எப்படி வேகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பாதி விதையைப் பக்கத்தில் விதைக்கிற ஒருவருக்குக் கொடுங்கள். மீதியை எட்டும் தூரத்தில் விதை வங்கி இருந்தால் அங்கே கொடுங்கள். இரண்டு உறைக்குள்ளும் அந்தத் தாளை மடித்துப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.